கட்டை பாவிய தெருக்கள்: நான்கு நாள் பயணக் குறிப்பு

முதல் நாள்: சிகாகோ

என் அப்பா விருதுநகரில் மரக்கடை வைத்திருந்தார். லாரியில் தடி வந்து இறங்கும்போது அவர் நீளத்தையோ பருமனையோ முதலில் பார்க்க மாட்டார். அறுத்த முகத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து, வைரம் என்னும் முற்றிய நடுப்பகுதி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, வெளிறு என்னும் இளசான வெளிப்பகுதி எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார். மரத்தின் வயதும் பலமும் வெட்டுமுகத்தில்தான் தெரியும் என்பதை அந்தக் கடையின் மரத்தூளில் விளையாடியபடியே நான் கற்றுக்கொண்டேன். அந்த வெட்டுமுகம் வானத்தைப் பார்க்கும்படி கட்டைகளை நிறுத்திவைத்துத்தான் உலகின் பல பெருநகரங்கள் ஒரு காலத்தில் தங்கள் தெருக்களைப் பாவியிருந்தன என்று சில ஆண்டுகளுக்கு முன் படித்ததிலிருந்து, எஞ்சியிருக்கும் இரண்டொரு தெருக்களையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்துகொண்டே இருந்தது. சிகாகோவில் வேலை பார்க்கும் தம்பி நான்கு நாள் விடுப்பு எடுத்துக் காரோட்டச் சம்மதித்ததால் அது இன்று தொடங்கியிருக்கிறது.

ஆஸ்டர் தெருவுக்கும் ஸ்டேட் பார்க்வே சாலைக்கும் நடுவே, பேராயர் மாளிகையை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது. சிகாகோவில் ஏறத்தாழ 1,900 மைல் நீளத்துக்குச் சந்துகள் உண்டு என்கிறார்கள்; வீட்டுக் குப்பையும் கார் கொட்டகைகளும் அந்தப் பக்கம் இருப்பதால் தெரு முகப்புகள் சுத்தமாக இருக்கின்றன. அவற்றுள் இந்தச் சந்துக்கு 2002-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம் கிடைத்தது. 1909-ல் இங்கே மரக்கட்டைகளைப் பதித்தார்கள். நூறு ஆண்டுகள் மழையும் பனியும் தின்றபின், 2011-ல் பிளாக் லோகஸ்ட் என்னும் மரத்தின் கட்டைகளைக் கொண்டு அதைப் புதுப்பித்தார்கள். நம்முடைய புளி, வாகை போலக் காய் தொங்கும் பயறு வகைக் குடும்பத்து மரம் அது. மருந்து எதுவும் ஏற்றாமலே மண்ணில் நெடுங்காலம் மட்காமல் நிற்கும் என்பதால் வேலிக்கால்களுக்கு விரும்பி வாங்கும் மரமும் கூட.

சந்தின் நடுவில் முழந்தாளிட்டுப் பார்த்தேன். செங்கல்லைப் போன்ற செவ்வகக் கட்டைகள், வரிசை வரிசையாக, ஒவ்வொரு வரிசையின் இணைப்பும் அடுத்த வரிசையின் கட்டைக்கு நடுவில் விழும்படி நிற்கின்றன. வெயிலில் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தாலும், விரலை நனைத்துத் தேய்த்த இடத்தில் அடியிலிருந்து பழுப்பு மஞ்சள் எழுந்து வந்தது. ஒரு கட்டையில் வளையங்களை எண்ணினேன். இருபத்துமூன்று வரை தெளிவாக இருந்தன, அதற்கப்பால் ஒரு வெடிப்பு குறுக்கிட்டது. வெடிப்புக்குள் மணலும் ஒரு காய்ந்த இலைக்காம்பும் செருகியிருந்தன.

கட்டையை ஏன் படுக்க வைக்காமல் நிறுத்த வேண்டும் என்று தம்பி கேட்டான். நம் ஊர்க் கறிக்கடையில் இருக்கும் புளியமரக் கட்டையை நினைத்துப் பார் என்றேன். அது எப்போதும் வெட்டுமுகம் மேலே இருக்கும்படிதான் நிற்கும். நார்கள் செங்குத்தாக நிற்பதால் கத்தி அவற்றுக்கிடையே இறங்கி எழுகிறது. கட்டை பிளப்பதில்லை, சிம்பு கிளம்புவதில்லை. இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரமும் லாடம் அடித்த குதிரைக் குளம்பும் தெருவுக்குச் செய்வதும் அதையேதான். பலகையாகப் படுக்க வைத்திருந்தால் சில மாதங்களிலேயே தும்பு தும்பாகப் பிரிந்துபோகும். நிறுத்தி வைத்த கட்டையோ அடி விழ விழ நார்நுனி நசுங்கி இறுகிக்கொள்கிறது.

மரத் தெருவுக்குச் சிகாகோவைப் போல் பொருத்தமான நகரம் வேறு இருந்திருக்காது. ஏரிக்கரைச் சதுப்பில் எழுந்த ஊர் என்பதால், 1850-களில் கட்டடங்களையே திருகுகள் கொடுத்துத் தூக்கித் தெருமட்டத்தை உயர்த்த வேண்டியிருந்தது. அருகில் கல்மலை இல்லை. ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளின் வெள்ளைப் பைன் மரம் ஏரி வழியாகக் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அன்றைய உலகின் மிகப் பெரிய மரச்சந்தை இதுதான். பாஸ்டன்காரரான சாமுவேல் நிக்கல்சன் கண்டுபிடித்த முறையில் 1850-களின் பிற்பகுதியில் இங்கே கட்டை பதிக்கத் தொடங்கினார்கள். மணல் பரப்பி, அதன்மேல் தார் பூசிய பலகைகளை விரித்து, பலகைமேல் கட்டைகளை நிறுத்தி, வரிசைகளுக்கிடையே ஒரு சட்டத்தை வைத்து, எஞ்சிய இடைவெளியில் சரளையும் கொதிக்கும் தாரும் ஊற்றி இடித்து நிரப்புவார்கள். 1871 அக்டோபரில் பெருந்தீ மூண்டபோது நகரில் இப்படிப் பாவிய தெருக்கள் 50 மைலுக்கும் மேல் இருந்தன. மரப் பலகை நடைபாதைகளோ 500 மைலைத் தாண்டியிருந்தன.

17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்து, ஏறத்தாழ 1 லட்சம் பேர் வீடிழந்த அந்தத் தீக்கு மரத் தெருக்களையும் காரணமாகச் சொல்வதுண்டு. பழியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. நடைபாதைகள் கால் ஊன்றி உயர்ந்து நின்றவை. அடியில் காற்றோட்டமும் சருகும் குப்பையும் இருந்தன, அவை எரிந்தே தீரும். தெருக்கட்டைகள் அப்படியில்லை. நான்கு புறமும் சரளை இறுக்கி, அடியில் காற்று நுழைய வழியில்லாமல் நின்ற கட்டையில் மேல்முகம் கருகுமே தவிர உள்ளே தீ இறங்குவது கடினம். தீக்குப் பின்னரும் சிகாகோ மரத்தைக் கைவிடவில்லை என்பதே அதற்குச் சான்று. அடுத்த இருபது ஆண்டுகளில், உருளையாக அறுத்த செடார் கட்டைகளை முன்னைவிட அதிகமாகவே பதித்தார்கள்.

இரண்டாம் நாள்: கிளீவ்லேண்ட்

காலையில் புறப்பட்டு, இண்டியானாவைக் கடந்து ஒஹாயோவுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் சோளக்கொல்லை, அதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. சுமார் 350 மைல் கடந்து யுனிவர்சிட்டி சர்க்கிள் பகுதியில் இறங்கும்போதும் தூறல் நிற்கவில்லை. முதலில் மனம் சோர்ந்தாலும், மழையில் பார்த்ததே நல்லதாகிப் போனது.

ஹெஸ்லர் சாலை செங்கல் பாவியது. அதிலிருந்து பிரியும் ஹெஸ்லர் கோர்ட் என்னும் சின்னத் தெரு கட்டை பாவியது. இந்த நகரத்தில் எஞ்சியிருக்கும் ஒரே மரத் தெரு என்று அதன் தளத்தையே தனியாக 1975-ல் தேசியப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். வீடுகளுக்குப் பெருமை சேர்க்கும் பதிவேட்டில் கால் வைக்கும் தளமே ஒரு பெயராக நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நனைந்த கட்டைகள் கறுத்திருந்தன. இரண்டாவது அடியிலேயே செருப்பு வழுக்கி, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். நார்நுனிகளில் ஊறிய ஈரமும் நசுங்கிய இலைகளும் சேர்ந்து சவுக்காரம் தடவியது போல ஒரு பூச்சு படிந்திருந்தது. மழை நாளில் சுமை இழுத்து வந்த குதிரைகள் இந்தத் தளத்தில் முழங்கால் மடங்கி விழுந்ததைப் பற்றி அந்தக் கால நகரங்கள் ஓயாமல் முறையிட்டிருக்கின்றன. மணலும் பொடிச்சரளையும் தூவிச் சமாளித்திருக்கின்றன. படித்தபோது வெறும் செய்தியாக இருந்தது இன்று என் குதிகாலில் புரிந்தது.

வழுக்கலைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. மரம் ஈரம் குடித்தால் நீளவாட்டில் ஏறக்குறைய வளர்வதே இல்லை, பெருப்பதெல்லாம் குறுக்குவாட்டில்தான். மழைக்காலத்தில் நம் வீட்டு நிலைக்கதவு உயரத்தில் பிடிக்காமல் அகலத்தில் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். கட்டையை நிறுத்தி வைத்தால், பெருக்கம் முழுவதும் தெருவின் அகலத்திலும் நீளத்திலும் போய்ச் சேர்கிறது. 30 அடி அகலத் தெருவில் கட்டைகள் நூற்றுக்கு 2 பங்கு பெருத்தாலே 7 அங்குலம் கூடுதல் இடம் வேண்டும். அந்த 7 அங்குலம் போவதற்கு எங்கே இடம் இருக்கிறது? ஓரக்கல்லைத் தள்ளும், அல்லது நடுத்தெரு ஒட்டகத் திமில்போல எழும்பும். லண்டனில் இதற்காகவே ஓரக்கல்லை ஒட்டி ஓர் இடைவெளி விட்டுக் களிமண்ணும் மணலும் நிரப்பி வைப்பார்கள்; மரம் பெருக்கும்போது அவை பிதுங்கி இடம் கொடுக்கும்.

வெள்ளம் வந்தால் கதை முடிந்தது. 1910 ஜனவரியில் சேன் ஆறு கரைமீறியபோது பாரிஸின் மரக்கட்டைத் தளங்கள் ஊதிப் பெயர்ந்து, கட்டைகள் தெருத்தண்ணீரில் மிதந்தன. ரஷ்யாவில் வசிலி குரியெவ் என்னும் பொறியாளர் அறுகோணக் கட்டைகளால் தேனடை போலத் தளம் அமைக்கும் முறையை 1820-லேயே கொண்டுவந்திருந்தார். 1830-களில் பீட்டர்ஸ்பர்க் நகரின் நெவ்ஸ்கி பெருவீதியே அப்படித்தான் பாவப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்துக் காத்த அந்தத் தளத்தை 1924 செப்டம்பர் வெள்ளம் ஒரே நாளில் பெயர்த்து மிதக்கவிட்டது. அதன் பிறகு அந்த நகரம் மரத்திலிருந்து விலகத் தொடங்கியது. தண்ணீரில் மிதக்கும் பொருளால் சாலை போட்டுவிட்டு ஆற்றங்கரையில் குடியிருந்தார்கள் என்பதை இந்த மழையில் நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள்: பிட்ஸ்பர்க்

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். எல்லாக் குற்றத்தையும் தண்ணீரின் மேல் போட்டுவிட்டேன். இன்று ரோஸ்லின் பிளேஸ் தெருவில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு அது நியாயமில்லை என்று படுகிறது.

ஷேடிசைடு பகுதியில், எல்ஸ்வர்த் அவென்யூவிலிருந்து பிரிந்து முட்டுச்சந்தாக முடியும் தெரு இது. நீளம் 250 அடி. இருபுறமும் ஒரே சாயலில் 18 செங்கல் வீடுகள். தாமஸ் ராட் என்னும் ரயில்வே பொறியாளர் 1914-ல் அமைத்தது. தளத்தில் ஏறத்தாழ 26,000 ஓக் மரக்கட்டைகள் இருக்கின்றன. இந்தப் பயணத்தின் நான்கு தெருக்களில் முழுமையானது இதுதான் என்று நாளைக்குப் பிலடெல்பியாவைப் பார்க்காமலே சொல்லத் தோன்றுகிறது. வளைந்து முடியும் இடத்தில் இரண்டு பெரிய மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. உதிர்ந்த இலையும் கட்டையும் ஒரே நிறம். நேற்றைய மழை இங்கும் பெய்திருக்கிறது, ஆனால் தளம் காய்ந்து, கட்டைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தன. ஒரு காரை மிக மெதுவாக ஓட்டிவந்த முதியவர், நான் குனிந்து தடவிக்கொண்டிருந்ததைக் கண்டு கண்ணாடியை இறக்கி, "இங்கே வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கார் உருண்ட ஓசை, பாயின்மேல் அம்மிக்குழவியை உருட்டியது போல மந்தமாக இருந்தது.

அதே மழை பெய்யும் அதே நாட்டில், ஒரு மரத் தெரு சில ஆண்டுகளில் மட்கிப்போக, இன்னொன்று பல பத்தாண்டுகள் நிற்பதற்குக் காரணம் மரத்தைத் தயார் செய்த விதம். 1838-ல் ஜான் பெத்தெல் என்னும் ஆங்கிலேயர், மரத்தை இரும்புக் கொப்பரைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்துடன் உள்ளே செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நார்க்குழாய்களெல்லாம் எண்ணெய் குடித்துவிட்டால் தண்ணீருக்கும் பூசணத்துக்கும் இடமில்லை. வெறுமனே தாரில் முக்கி எடுத்த கட்டையில் மேல்தோல் மட்டுமே கறுக்கும். உள்ளே பச்சை ஈரம் அடைபட்டு, வெளியில் நன்றாகத் தெரிவது அடியில் மட்கிக்கொண்டிருக்கும். மரம் அறிந்த யாரும் இதைச் செய்யமாட்டார்கள்.

ஆனால் செய்தார்கள். 1870-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரத்தை ஒரே மூச்சில் நவீனமாக்க முனைந்த அலெக்சாண்டர் ஷெப்பர்டின் பொதுப்பணி வாரியம், மைல் கணக்கில் மரத் தளம் போட்டது. அவசரமும் ஒப்பந்தக்காரர்களின் போட்டியும் சேர்ந்து, சரியாக உலராத, மருந்து ஏறாத கட்டைகள் தெருவுக்கு வந்தன. சில ஆண்டுகளிலேயே அவை குழிகுழியாக மட்கி நாற்றமெடுத்தன. பென்சில்வேனியா அவென்யூவில் இருந்த மரத் தளத்தைப் பெயர்த்துவிட்டு 1876-ல் தார்த்தளம் போட்டார்கள். அமெரிக்காவில் தார்ச்சாலைக்குப் பெரிய விளம்பரம் அதிலிருந்தே கிடைத்தது. தார் வென்றது அதன் திறமையால் மட்டுமன்று, மரத்தைத் தவறாகப் பதித்தவர்கள் அதற்கு வழி செய்து கொடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

ஒழுங்காகச் செய்த நகரம் லண்டன். 3 அங்குல அகலமும் 9 அங்குல நீளமும் 5, 6 அங்குல உயரமும் கொண்ட கட்டைகளைக் கான்கிரீட் படுகைமேல் அடுக்கினார்கள். ஒன்று, கிரியோசோட் ஏற்றிய பைன். மற்றொன்று, மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ஜாரா, காரி என்னும் கடினமரங்கள். உலகின் மறுகோடியில் பல நூறு ஆண்டுகள் வளர்ந்த காடு, லண்டன் கடைவீதிகளில் குதிரைக் குளம்புகளின் கீழ் தேய்ந்தது என்பதை எழுதும்போது கொஞ்சம் நெஞ்சு கனக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியும் மெல்போர்னும் தம் தெருக்களுக்கும் அந்நாட்டு மரங்களையே பதித்தன. பிற்காலத்தில் தெருக்களைத் தோண்டித் தார் போட்டபோது, தாரும் எண்ணெயும் ஊறிய பழங்கட்டைகள் அடுப்புக்கு அருமையாக எரிந்தன. ஏழை வீடுகளின் பிள்ளைகள் தள்ளுவண்டியோடு வந்து வரிசையில் நின்று அள்ளிச் சென்றார்கள். இன்றும் லண்டனின் செக்கர் தெருவில் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது.

ரோஸ்லின் பிளேஸ் தப்பியது அங்கே குடியிருப்பவர்களால். தளத்தை 1980-களில் மீண்டும் மரத்தாலேயே புதுப்பித்தார்கள். பதினெட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வாசல் தளத்தை இத்தனை அக்கறையோடு வைத்திருப்பதைப் பார்க்கும்போது, கோலம் போட வாசல் தெளிக்கும் நம் தெருக்கள் நினைவுக்கு வந்தன.

நான்காம் நாள்: பிலடெல்பியா

மலைகளைக் குடைந்து செல்லும் கட்டணச் சாலையில் 300 மைல். பிற்பகலில் கேமக் தெருவின் 200-ஆம் எண் பகுதியை அடைந்தோம். இரண்டு கார்கள் எதிரெதிரே வர முடியாத குறுகலான தெரு. 1860-ல் தொடங்கிய ஓவியர் சங்கமும், பெண் ஓவியர்களுக்காக 1897-ல் தொடங்கிய சங்கமும் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. "சங்கங்களின் சின்னத் தெரு" என்று இதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. தளம் பலமுறை பழுது பார்க்கப்பட்டது என்பது கட்டைகளின் வெவ்வேறு நிறத்திலேயே தெரிகிறது. நேற்றுச் சொன்னது சரிதான்: அழகில் ரோஸ்லின் பிளேஸ்தான் முதலிடம்.

ஆனால் மரத் தெரு எதற்காகப் பிறந்தது என்பது இங்கேதான் நன்றாக விளங்கியது. நான்கு நாளாகக் கண்ணால் பார்த்தேனே தவிரக் காதால் கேட்கவில்லை. பக்கத்துப் பெருந்தெருவின் இரைச்சலிலிருந்து இதற்குள் திரும்பியதும் சொந்தக் காலடியோசையே அடங்கிப்போகிறது. கருங்கல் பாவிய நகரத் தெருவில் இரும்புப் பட்டைச் சக்கரங்களும் இரும்பு லாடங்களும் ஆயிரக்கணக்கில் மோதிய சத்தத்தை இன்று நாம் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. நோயாளி படுத்திருக்கும் வீட்டின் முன்னால் தெருவில் வைக்கோல் பரப்பி வைப்பது அன்றைய வழக்கம். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், செல்வர் வீடு என்று அமைதி தேவைப்பட்ட இடங்களில் மரக்கட்டைக்கு மதிப்பு இருந்தது அதனால்தான். கியூபாவின் ஹவானா நகரில், ஸ்பானிய ஆளுநர்களின் மாளிகை முன்னால் மட்டும் கல்லுக்குப் பதில் மரக்கட்டை பதித்த தெருத்துண்டு இன்றும் இருக்கிறது. ஆளுநர் வீட்டாரின் உறக்கம் வண்டிச் சத்தத்தில் கலையாமல் இருக்க அப்படிச் செய்ததாகச் சொல்கிறார்கள். பிறகு காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் வந்தது. சத்தத்தைத் தெரு விழுங்க வேண்டிய தேவை போய், சக்கரமே விழுங்கிக்கொண்டது. குதிரையும் போனது. வழுக்கலையும் பெருக்கத்தையும் பொறுத்துக்கொள்ள மரத்திடம் வேறு காரணம் எஞ்சவில்லை.

பக்கத்து நியூ ஜெர்சி மாநிலத்தில் எலிசபெத் என்று ஒரு நகரம் உண்டு. நேரமில்லாததால் போகவில்லை, ஆனால் அதன் வழக்கைச் சொல்லாமல் இந்தக் குறிப்பை முடிக்க மனமில்லை. நிக்கல்சன் முறையில் அனுமதியின்றித் தெரு பாவியதாக எலிசபெத் நகரத்தின் மீதும் ஒப்பந்த நிறுவனத்தின் மீதும் காப்புரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1870-களின் பிற்பகுதியில் தீர்ந்தது. நிக்கல்சன் 1854-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1848-லேயே பாஸ்டனில் மில்டேம் என்னும் சுங்கச் சாலையில் 75 அடி நீளத்துக்குத் தன் செலவில் கட்டை பதித்து எல்லோரையும் நடக்கவிட்டிருந்தார். ஆறு ஆண்டுகள் ஊரறிய இருந்த பொருளுக்கு உரிமை கேட்கலாமா என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

சுங்கம் வசூலித்தவர் சாட்சி சொன்னார். நிக்கல்சன் ஏறத்தாழ நாள்தோறும் அங்கே வருவார். கைத்தடியால் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பார். தளம் எப்படித் தாங்குகிறது, போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிப்பார். தெரு என்பது பட்டறைக்குள் வைத்துச் சோதிக்கக்கூடிய பொருளில்லை, ஆண்டுக்கணக்கில் வண்டி ஓடினால்தான் அதன் ஆயுள் தெரியும், ஆகவே அந்த ஆறு ஆண்டுகளும் விற்பனையாகாது, சோதனையே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எலிசபெத் நகரம் இலாபம் பார்க்கவில்லை என்பதால் தப்பியது. ஒப்பந்த நிறுவனம் பெற்ற இலாபத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. கண்டுபிடிப்பைச் சோதிப்பது எது, விற்பது எது என்ற கேள்வி வரும்போது அமெரிக்க வழக்கறிஞர்கள் இன்றும் அந்த 75 அடித் தெருவைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பைவிட அந்தக் கைத்தடிதான் மனதில் நிற்கிறது. அப்பாவும் அப்படித்தான், தடியின் வெட்டுமுகத்தில் கைவிரல் முட்டியால் தட்டி, உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்பார்.

இருட்டும் முன்பு தம்பியின் குடையை வாங்கி, கேமக் தெருவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டு போனேன். பெரும்பாலானவை கெட்டியாக, ஒரே சுருதியில் பதில் சொன்னன. ஓரக்கல்லை ஒட்டிய ஒன்று மட்டும் தொளதொளவென்று ஒலித்தது. குடைமுனையால் அழுத்தியபோது அதன் பக்கவாட்டிலிருந்து முந்தாநாள் மழைநீர் கொஞ்சம் கசிந்து வெளியே வந்தது.